நிலமே அரங்கு



ஒரு மொழியை வீழ்த்த எண்ணுவோர் அம்மொழியினர் காலூன்றிய நிலத்தையே முதலிற் பறிப்பர். நிலம் போனபின் ஊர்ப்பெயர் போகும். ஊர்ப்பெயர் போனபின் நினைவு மங்கும். மங்கிய நினைவை வேல்சு மொழியில் 'பிரித் கோவ்' என்பர். அதனையே பெயராகக் கொண்டு, மைக்கு பியர்சனும் லிசு இயூசு சோன்சும் 1981-இல் வேல்சு நாட்டில் ஒரு நாடகக் குழுவைத் தொடங்கினர். பின்னர்க் கிளிபோர்டு மக்லூக்கசு என்பார் பியர்சனோடு அதன் கலை இயக்குநராக இணைந்தார்.

திரை தொங்கும் மண்டபத்தை அவர்கள் நம்பியிருக்கவில்லை. மூடிய ஆலை, கைவிட்ட கட்டடம், கல் உடைத்த குழி ஆகியவற்றை நாடினர். இடம், விருந்தோம்பும் இல்லம். நாடகம், அங்கே சிலநாள் வந்து உலவும் ஆவி. காண்போர், அதற்குச் சான்றாவோர். இதுவே மக்லூக்கசு வகுத்த கொள்கை. இல்லத்தின் பழங்கதையும் ஆவியின் புதுக்கதையும் ஒன்றையொன்று ஊடுருவும் பொழுதே நாடகம் பிறக்கின்றது என்றறிக.

1988-இல் அவர்கள் நடத்திய 'கொதோதின்' இதற்கு நற்சான்று. அனெய்ரின் பெயரால் வழங்கும் அப் பழம்பாட்டு, ஏறத்தாழ 600-ஆம் ஆண்டையொட்டிக் கத்ராயெத்து என்னும் களத்தில் ஆங்கிலரை எதிர்த்து மாய்ந்த முந்நூறு மறவர்க்கான கையறுநிலை. அதனை எங்கே நிகழ்த்தினர்? கார்டிபு நகரில் மூடிக்கிடந்த மகிழுந்துத் தொழிற்கூடத்தில்! மணலைக் கொட்டினர், மரங்களை நட்டனர், உடைந்த மகிழுந்துகளை நிறுத்தினர், நீரைப் பாய்ச்சினர். கூடத்தின் தரையே போர்க்களமாயிற்று. ஆலைகளும் சுரங்கங்களும் ஒன்றன்பின் ஒன்றாய் மூடப்பட்ட காலம் அது. வாளேந்தி வீழ்ந்தோர்க்குப் பாடிய பாட்டு, வேலையிழந்து நின்றோர்க்கும் உரியதாயிற்று. பழம்பாட்டைப் பேழையில் வைத்துப் பூட்டுவது காப்பாகாது. புண்பட்ட இடத்தில் அதனைப் பாடவேண்டும்.

இனி, எண்ணிப் பார்க்கவேண்டிய பிறிதொரு செய்தியும் உண்டு. எப்பிந்து என்னும் மலைநிலத்திலிருந்து 1940-இல் ஆங்கில அரசின் போர்த்துறை ஐம்பத்துநான்கு வீடுகளையும் இருநூற்றுக்கு மேற்பட்ட மக்களையும் வெளியேற்றியது. படைப்பயிற்சிக்கென நிலம் பறிக்கப்பட்டது. வேல்சு மொழி வழங்கிய எல்லை மேற்கே தள்ளப்பட்டது. போர் ஓய்ந்தது, நிலமோ திரும்பவில்லை. அங்கே படையினர் பயிற்சிக்காகவே கட்டிய, எவரும் குடியிராத போலிச் சிற்றூரில், 2010-இல் பியர்சன் ஈசுகிலசின் 'பாரசீகர்' நாடகத்தை இயக்கினார். முன்சுவரற்ற வீடே அரங்கு. தோற்ற நாட்டின் அழுகை, பறிபோன மண்ணில் எழுந்தது. ஆயினும் அவ்வழுகை எழுந்தது ஆங்கிலத்தில்! இடம் வாய் திறந்தது. அவ்விடத்தின் நாவோ திறக்கவில்லை. அந்நாடகத்தின் ஆற்றலை மறுப்பதற்கில்லை; அக்குறையை மறைப்பதற்குமில்லை. 2021-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி வேல்சு மொழி பேசுவோர் அந்நாட்டு மக்களில் நூற்றுக்குப் பதினெண்மர்க்கும் குறைவே. நிலத்தை மட்டும் மீட்டு மொழியை விட்டால், மீட்சி பாதியே.

இம்முறை தமிழர்க்குப் புதிதன்று. தொண்டை நாட்டுச் சிற்றூர்களில் பாரதக் கூத்தின் இறுதிநாளன்று, திறந்த வெளியில் மண்ணாற் படுக்கவைத்த பேருருவின் மேலேயே படுகளம் நிகழ்கின்றது, ஊரே அரங்காகின்றது. கதை வடவரது, முறையோ தமிழரது. அம்முறையில் தமிழர்தம் கதைகளும் மேன்மேலும் ஏறுக!

பெருமக்களே! மூடிய ஆலைகள் இங்குமுண்டு. முழுகிய ஊர்களும் உண்டு. பெயர் மாற்றப்பட்ட ஊர்களோ எண்ணில. தமிழ்க் கலைஞர் அவ்விடங்களுக்குச் செல்க! ஆங்கே தூய தமிழிற் பேசுக! மண்ணும் மொழியும் ஒருசேர வாய் திறக்கும் நாளில், மங்கிய நினைவு மீண்டும் சுடர்விடும்.

வெல்க தமிழ்!