பதிவேடும் சோறும்

(நானுஓயாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



“படைப் பதிவேட்டில் பெயர் கொடுத்தவனுக்கே அரசாங்க உதவி என்று சட்டம் செய்தால் நாட்டுப்பற்று வளராதா?” என்று தம்பி ஒருவர் என்னிடம் கேட்டார். நம் நாட்டில் கட்டாய இராணுவ சேவை நடைமுறையில் இல்லை. ஆயினும் கேள்வியைத் தட்டிவிட மாட்டேன். பதிவுக்கும் சோற்றுக்கும் முடிச்சுப் போட்டால் என்ன விளையும் என்பதை நம்மினும் நன்கறிந்தவர் யார்?

அமெரிக்காவில் அப்படிச் செய்தார்கள். 1982ஆம் ஆண்டுச் சட்டப்படி, படைச் சேவைக்குப் பதியாத இளைஞனுக்கு மத்திய அரசின் கல்விப் பணம் இல்லை. விசாரணையின்றித் தண்டிக்கும் சட்டம் இது என்று மாணவர்கள் வழக்காடினர். 1984இல் உயர் நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. பிந்தியேனும் பதிந்தால் உதவி கிடைக்கும், கதவு திறந்திருக்கிறது, ஆகவே இது தண்டனையன்று என்பது தீர்ப்பின் சாரம். வழக்கறிஞன் என்ற முறையில் அத்தர்க்கத்தை மதிக்கிறேன். ஆனால் 26 வயது கடந்தவன் பதிய முடியாது என்பதும் அந்நாட்டுச் சட்டமே! மேலும், உதவி வேண்டாத செல்வன் மகனை இந்நிபந்தனை என்ன செய்யும்? கைநீட்டுகிறவனை மட்டுமே அது பிடித்தது. 2020இல் இயற்றிய சட்டத்தால் கல்வி உதவிக்கான அந்நிபந்தனையை அவர்களே நீக்கிவிட்டனர்.

இனி நம் கதை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நம்மை வெளியே நிறுத்தியது. 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம் ஒரு சிறு கதவைக் காட்டியது. விவாகமானவர் ஏழாண்டு, ஆகாதவர் பத்தாண்டு இடைவிடாது வசித்ததை நிரூபிக்க வேண்டுமாம். தாய் நோயுற்றாளென்று ஊருக்குப் போய்ப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் தங்கியவனுக்கு இடைவிடாமை முறிந்தது! கொழுந்து பறித்தவளிடம் ஏது பத்திரம்? அவள் பெயர் செக்றோலில் இருந்தது. செக்றோல் துரையின் ஆபீசில் இருந்தது. 1951 ஆகஸ்ட் 5ஆம் திகதியோடு மனுச் செய்யும் காலம் முடிந்தது. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக மனுக்கள் போயின. பிரஜைகளானோர் ஏறத்தாழ 134,000 பேர். ஏனையோருக்கு வாக்கும் இல்லை, அரசாங்க உத்தியோகமும் இல்லை. 1964இல் இரு நாட்டுப் பிரதமர்கள் நம்மைத் தலையெண்ணிப் பங்கிட்டனர். அதன் பின்னும் எஞ்சியோருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டமும் வழி திறந்தது.

ஆதலால், தம்பி, பதிவு வேண்டாமென்று நான் சொல்லவில்லை. பதிவு செய்ய வேண்டிய கடமை அரசாங்கத்தினுடையது. ஏடு இல்லாத குற்றத்தை ஏழையின் தலையில் கட்டலாகாது என்கிறேன். இன்று அஸ்வெசும உதவிக்கும் அடையாள அட்டை வேண்டும். அட்டைக்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழ் இல்லாதோர் இம்மேடையருகே பெயர் கொடுங்கள். காலங்கடந்த பிறப்புப் பதிவுக்குச் சட்டம் இடமளிக்கிறது. மனுவை நான் எழுதித் தருகிறேன். கட்டணம் வேண்டாம். ஞானஸ்நானச் சீட்டோ பள்ளிக்கூடச் சீட்டோ இருந்தால், கிழிந்திருந்தாலும் எடுத்து வாருங்கள்.