துயரம் சுமந்த காசுகள்

(மட்டாஞ்சேரியில் நடந்த உறுப்பினர் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

சாப்பாட்டுக்கு முன்னால் பேசக் கூப்பிட்டால் எவ்வளவு நேரம் பேசலாம் என்பது எனக்குத் தெரியும். சமையற்கட்டிலிருந்து கொழுந்து மாங்காய் வாசனை வருவதற்குள் முடித்துவிடுகிறேன்.

நான் வங்கியில் முப்பத்தாறு வருஷம் பிறத்தியார் பணத்தை எண்ணியவன். ஓய்வு பெற்ற பிறகு பழைய காசுகளை எண்ண ஆரம்பித்தேன். மட்டாஞ்சேரியில் இருந்துகொண்டு இந்தப் பழக்கம் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். யூதத் தெருவில் நடந்தால் கடைக்குக் கடை கண்ணாடிப் பெட்டியில் கொச்சி ராஜ்யத்தின் சங்கு முத்திரை போட்ட புத்தன், டச்சுக் கம்பெனியின் செப்புக் காசு, ராணி விக்டோரியா ரூபாய் என்று விரித்து வைத்திருப்பார்கள். அசல் பாதி, போலி பாதி.

அப்படி ஒரு கடையில்தான் என் முதல் "கப்பல் காசு" கிடைத்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் 20 காசு செப்பு நாணயம், 1808-ம் வருஷத்தியது. ஒரு பக்கம் இரண்டு சிங்கங்கள் தாங்கும் கம்பெனிச் சின்னம், மறுபக்கம் பாரசீக எழுத்து. கூடவே ஒரு சான்றிதழ்: "அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பல் மூழ்கியபோது கடலுக்குள் போன காசு." கடைக்காரர் குரலைத் தாழ்த்தி, "சார், இது சாவு பார்த்த காசு" என்றார். நான் பேரம்கூடப் பேசவில்லை.

வீட்டுக்கு வந்து விவரம் தேடினேன். அந்தக் கப்பல் 1809 ஜனவரியில் சென்னைப் பட்டணத்துக்குப் புறப்பட்டு, இங்கிலாந்துக் கரையை விட்டு விலகுவதற்கு முன்பே குட்வின் மணல்திட்டில் புயலில் சிக்கி உடைந்தது. அதில் இருந்தவை நம் சென்னை ராஜதானியில் புழங்குவதற்காக, பர்மிங்ஹாம் பக்கத்தில் மாத்யூ போல்ட்டனின் ஸோஹோ சாலையில் நீராவி எந்திரத்தில் அடித்த 10 காசு, 20 காசு நாணயங்கள். அன்றைக்கு ஒரு பணத்துக்கு 80 காசு. இங்கிலீஷ்காரர்கள் "காஷ்" என்று சொன்னது நம்முடைய "காசு"தான். 1980-களில் முக்குளிப்பவர்கள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட காசுகளை வெளியே எடுத்தார்கள். கப்பலில் இருந்தவர்களில் பெரும்பாலோரைக் கரையிலிருந்து வந்த படகுக்காரர்கள் காப்பாற்றிவிட்டார்கள்.

ஆக, நான் அதிக விலை கொடுத்தது காசுக்கு அல்ல. நடந்ததைவிடப் பெரிதாகச் சொல்லப்பட்ட ஒரு சாவுக்கு. இதே அச்சில் அடித்து, வேறு கப்பலில் பத்திரமாக வந்து சேர்ந்த காசும் என்னிடம் இருக்கிறது. உப்புக்கும் வெற்றிலைக்கும் கை மாறி மாறித் தேய்ந்து போனது. மூழ்கியது புதுசு போல இருக்கிறது. ஆனால் அது யாருக்கும் ஒரு பிடி உப்புக்கூட வாங்கித் தந்ததில்லை.

நம் ஊருக்கே நெருங்கிய ஒரு கதையும் உண்டு. வாஸ்கோட காமா 1502-ல் இரண்டாவது தடவை வந்தபோது அவருடைய மாமா விசென்டே சொத்ரே உடன் வந்தார். காமா திரும்பிப் போகையில், கொச்சியையும் கண்ணூரையும் காக்கச் சொல்லிச் சில கப்பல்களை அவரிடம் விட்டுப் போனார். அவரோ காவலை விட்டுவிட்டு, அரபுக் கப்பல்களைக் கொள்ளையடிக்கப் போய்விட்டார். இங்கே சாமூதிரியின் படை வந்து, கொச்சி ராஜா வைப்பின் தீவில் அடைக்கலம் புக நேர்ந்தது. 1503 மே மாதம் ஓமான் கரையோரம் ஒரு தீவில் புயல் அடித்து, சொத்ரேயின் "எஸ்மரால்டா" அவரோடு மூழ்கியது. 2013 முதல் 2015 வரை அங்கே அகழ்ந்தபோது, இந்திய வியாபாரத்துக்கென்றே போர்த்துகல் மன்னர் மனுவேல் வெளியிட்ட "இந்தியோ" என்ற வெள்ளி நாணயம் ஒன்று கிடைத்தது. அதற்கு முன் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருப்பதாகத் தெரியும். அது விற்பனைக்கு வரவில்லை. ஓமான் அரசின் பொறுப்பில் இருக்கிறது.

அந்த நாணயத்தைச் சோகச் சின்னம் என்று சொல்லலாம். ஆனால் யாருடைய சோகம்? அதே 1502-ல்தான் மெக்காவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த யாத்ரீகர் கப்பலை காமா மலபார்க் கரையோரம் எரித்தார். பெண்டு பிள்ளைகள் உட்பட நூற்றுக்கணக்கானோர் அதில் இருந்தார்கள். அவர்கள் பேரில் எந்தச் சான்றிதழும் எந்தக் கடையிலும் கிடையாது.

இன்னொன்று. 1942 அக்டோபரில் பம்பாயிலிருந்து இங்கிலாந்துக்கு "சிட்டி ஆஃப் கெய்ரோ" என்ற கப்பல் 2000 பெட்டி வெள்ளி நாணயத்தோடு கிளம்பியது. நவம்பர் 6-ம் தேதி தென் அட்லாண்டிக்கில் ஜெர்மன் நீர்மூழ்கி அதை வீழ்த்தியது. கப்பலோடு போனவர்கள் சிலர். படகுகளில் தாகத்தாலும் வெயிலாலும் மாண்டவர்கள் பலர். மாலுமிகளில் நிறையப் பேர் நம் நாட்டு லஸ்கர்கள். ஐயாயிரம் மீட்டருக்கும் கீழே கிடந்த அந்த வெள்ளியை எடுத்துவிட்டதாக 2015-ல் அறிவித்தார்கள். எடுத்த ரூபாய்களை உருக்கி விற்றுவிட்டார்கள்.

இதையெல்லாம் ஆர்வமாகப் படித்து, அட்டையில் குறித்து, ஆல்பத்தில் சொருகிக்கொண்டிருந்தேன். என் ஆத்துக்காரி மட்டும், "யாரோ தவிச்ச காசையெல்லாம் ஸ்வாமி அலமாரிக்குக் கீழ வெக்கறேளே" என்பாள். நான் சிரித்துவிடுவேன்.

என் சிரிப்பு நின்றதற்குக் காரணம் எங்கள் குடும்பத்துக் காசு. என் தாத்தா ரங்கூனில் குமாஸ்தா. 1941 டிசம்பர் 23-ம் தேதி அங்கே குண்டு விழுந்தது. லட்சக்கணக்கான இந்தியர்களைப் போல இவர்களும் கிளம்பினார்கள்: தாத்தா, பாட்டி, எட்டு வயதான என் அப்பா, கைக்குழந்தையாக ஒரு பெண். பிரோமிலிருந்து தவுங்குப் கணவாய் வழியாக அரக்கான் கரைக்கு நடை. வழியெல்லாம் காலரா. பாட்டி புடவைத் தலைப்பில் ஒரு ரூபாயை முடிந்து வைத்திருந்தாள், குழந்தைக்குப் பால் வாங்க. பால் எங்கேயும் கிடைக்கவில்லை. எனக்கு அத்தையாக இருந்திருக்க வேண்டிய அந்தக் குழந்தை கணவாயைத் தாண்டவில்லை. ரூபாய் மட்டும் ஊர் வந்து சேர்ந்தது. பாட்டி கடைசி வரை அதைச் செலவழிக்கவில்லை. 1940-ம் வருஷத்து ஆறாம் ஜார்ஜ் ரூபாய், பாதிதான் வெள்ளி.

வெளியூரிலிருந்து என் சேகரிப்பைப் பார்க்க வந்த ஒருவர் அதைக் கையில் எடுத்தார். கதையைச் சொன்னேன். அவர், "மாமா, இந்த வருஷத்து ரூபாய்க்கு வெள்ளி விலைதான். ஆனா நீங்க இப்போ சொன்னதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கோ, பத்து மடங்கு தரேன்" என்றார். மரியாதையான மனிதர், தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. நானும் காகிதத்தை எடுத்து நாலு வரி எழுதினேன். குழந்தையின் வயது என்ன என்று எழுத வந்த இடத்தில் கை நின்றுவிட்டது. "மன்னிச்சுக்கோங்கோ, இது கொடுக்கறதுக்கில்லை" என்று வாங்கி வைத்துவிட்டேன்.

அவர் மேல் எனக்குக் கோபமில்லை. யூதத் தெருவில் நான் வாங்கியதும் இதே மாதிரிக் காகிதம்தானே? அங்கே செத்தது யார் குழந்தை என்று நான் கேட்டேனா?

அதற்காகச் சேகரிப்பதை விட்டுவிடவில்லை. யாரும் எடுத்து வைக்காவிட்டால் நினைப்பும் போய்விடும். ஆனால் மூன்று விஷயம் வழக்கமாக்கிக் கொண்டேன். முதலாவது, கதை இல்லாமல் அந்தக் காசு என்ன பெறும் என்று விசாரித்து, அதற்கு மேல் கொடுப்பதில்லை. சாவுக்கு விலை ஏறினால் பொய்ச் சாவும் பொய்க் காசும் பெருகும். இரண்டாவது, எப்படிக் கிடைத்தது என்று சொல்ல முடியாத காசைத் தொடுவதில்லை. புதையலுக்கு 1878-ம் வருஷத்துச் சட்டம் இருக்கிறது. நூறு வருஷத்துக்கு மேற்பட்ட தொல்பொருளை வெளிநாட்டுக்குக் கொண்டு போக 1972-ம் வருஷத்துச் சட்டம் தடை போடுகிறது. வெளிநாட்டிலிருந்து வந்திருக்கும் அங்கத்தினர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மூன்றாவது, அட்டையில் காசின் எடையை எழுதுவதற்கு முன்னால், யார் போனார்கள் என்று எழுதுகிறேன்.

அமாவாசைத் தர்ப்பணத்தின் முடிவில், தாய் தகப்பன் பந்து யாரும் இல்லாதவர்களுக்காகவும் கூர்ச்சத்தைப் பிரித்து எள்ளும் ஜலமும் விடுகிறோம். எத்தனையோ வருஷம் அவசர அவசரமாக விட்டுவிட்டு ஆபீஸுக்கு ஓடியிருக்கிறேன். இப்போது அந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்கிறேன். லஸ்கர்களும் அந்த யாத்ரீகர்களும் நினைவுக்கு வருகிறார்கள்.

உங்களில் எத்தனையோ குடும்பங்கள் பர்மாவிலிருந்து நடந்து வந்தவை. பீரோவில் ஒரு காசோ, பாத்திரமோ, கிழிந்த டிக்கெட்டோ இருக்கும். அதன் கதை தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். விற்க அல்ல, பேரன் பேத்திகள் கையில் கொடுக்க. நான் நிறுத்திய அந்த நாலு வரியை அப்புறம் முழுசாக எழுதி முடித்து, ரூபாயோடு சேர்த்து என் பேத்திக்கு வைத்திருக்கிறேன்.

மாங்காய் வாசனை வந்துவிட்டது.