ஏர்லைன் கிரெடிட் கார்டு: 3,540 ரூபாய்க்கு என்ன கிடைக்குது?

இந்த வாரம் நேரா விஷயத்துக்கு வந்துடறேன், ஏன்னா நம்ம இன்பாக்ஸ்ல வந்த ஒரு வாய்ஸ் நோட்டுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கு.

அனுப்பினவர் பெங்களூர்ல வேலை பார்க்கிற ஒரு தம்பி. சொந்த ஊர் கோவில்பட்டி. கைக்கு வர்ற சம்பளம் 48,000. அப்பாவுக்கு உடம்பு சரியில்லாததால வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவை திடீர்னு கிளம்ப வேண்டியிருக்கு, அப்போ மட்டும் மதுரைக்கு ஃப்ளைட். மத்தபடி நாகர்கோவில் எக்ஸ்பிரஸ்தான். ஏர்போர்ட்ல ஒருத்தர் நிறுத்தி, "சார், இந்த ஏர்லைன் கார்டு எடுத்தா உங்க டிக்கெட் ஃப்ரீயாவே வந்துடும்"னு சொல்லியிருக்கார். வருஷக் கட்டணம் 3,000. எடுக்கலாமா அண்ணான்னு கேட்கிறார்.

முதல்ல, அது 3,000 இல்ல. 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சேர்த்தா 3,540. இன்னைக்குப் பேச்சு முழுக்க இந்த நம்பரைத்தான் வச்சுக்கப் போறோம்.

இன்னொரு பக்கம், அந்த ஏர்லைன் உங்க ஊர்ப் பக்கம் பறக்குதான்னு பாருங்க. சிரிக்காதீங்க, கார்டு வாங்கின பலரும் இதைப் பார்க்கிறதில்ல. பெங்களூர்–மதுரை ரூட்ல அந்தக் கம்பெனிக்கு ஃப்ளைட்டே இல்லன்னா, உங்க மைல்ஸ் எல்லாம் நீங்க போகாத ஊருக்கு வழி. இருக்குன்னே வச்சுப்போம்.

இப்போ கணக்கு. ஒரு மைலோட மதிப்பு என்ன? பேங்க் சொல்ற மதிப்பை விட்டுடுங்க. நீங்க நிஜமா போகப்போற ஒரு தேதியை எடுத்து, அந்த ஃப்ளைட்டுக்குக் காசு கொடுத்தா எவ்வளவு, மைல்ஸ் கொடுத்தா எவ்வளவுன்னு ரெண்டையும் பாருங்க. உதாரணத்துக்கு, காசு விலை 5,000 ரூபாய். மைல்ஸ்ல 6,000 மைலும், மேல 800 ரூபாய் வரியும். ஆமாங்க, "ஃப்ரீ" டிக்கெட்டுக்கும் வரி கட்டணும். ஆக 6,000 மைல் உங்களுக்கு மிச்சப்படுத்தினது 4,200 ரூபாய். ஒரு மைல் 70 பைசா.

சரி, வருஷத்துக்கு எத்தனை மைல் சேரும்? தம்பி மாசம் 15,000 கார்டுல தேய்க்கிறார். வாடகை, டீக்கடை, ஆட்டோ எல்லாம் யு.பி.ஐ., அது இதுல வராது. வருஷத்துக்கு 1,80,000. அதுலயும் பெட்ரோல், வாலட்ல காசு ஏத்துறது, இன்சூரன்ஸ் மாதிரி செலவுகளுக்குப் பல கார்டுகள் பாயின்ட் தர்றதில்ல, இல்லன்னா கம்மியா தருது. அப்படி ஒரு 30,000 கழிச்சா, மிச்சம் 1,50,000. நூறு ரூபாய்க்கு 2 மைல்னா, 3,000 மைல். 70 பைசா மேனிக்கு 2,100 ரூபாய்.

அதாவது 3,540 கொடுத்து 2,100 வாங்கறோம். பாதி டிக்கெட்தான் ஆகுது.

இங்கயே நிறுத்தினா கணக்கு முழுசாகாது. இதே செலவை வருஷக் கட்டணமே இல்லாத, 1 சதவீதம் கேஷ்பேக் தர்ற ஒரு சாதா கார்டுல தேய்ச்சிருந்தா 1,500 ரூபாய் வந்திருக்கும். காசாவே. அதுல நாகர்கோவில் எக்ஸ்பிரஸுக்கும் டிக்கெட் போடலாம், அப்பாவுக்கு மருந்தும் வாங்கலாம். ஆக, ஏர்லைன் கார்டு கூடுதலாக் கொடுக்கிறது வெறும் 600 ரூபாய். அதுக்கு விலை 3,540.

இதைத் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். நூறு ரூபாய்க்கு ஏர்லைன் கார்டு 1 ரூபாய் 40 பைசா, கேஷ்பேக் கார்டு 1 ரூபாய். வித்தியாசம் 40 பைசா. அந்த 40 பைசாவை வச்சு 3,540 எடுக்கணும்னா வருஷத்துக்கு 8,85,000 ரூபாய் தேய்க்கணும். தம்பியோட முழு வருஷச் சம்பளமே 5,76,000தான்.

"அண்ணே, சேர்ந்தவுடனே 5,000 மைல் போனஸ் தர்றாங்களே?" கேட்பீங்கன்னு தெரியும். நியாயமான கேள்வி. 5,000 மைல்னா 3,500 ரூபாய், ஏறக்குறைய கட்டணம் திரும்பி வந்துடுது. அதனால முதல் வருஷம் நஷ்டம்னு சொல்ல மாட்டேன். நிஜத்துல நீங்க செஞ்சது, ஒரு டிக்கெட்டோட பெரும்பகுதியை முன்கூட்டியே காசு கொடுத்து வாங்கி வச்சது, அவ்வளவுதான். விஷயம் ரெண்டாவது வருஷத்துல இருக்கு. அப்போ போனஸ் இருக்காது, கட்டணம் மட்டும் சத்தமில்லாம ஸ்டேட்மென்ட்ல வந்து உட்கார்ந்திருக்கும்.

லவுஞ்சைப் பத்தி ஒரு வார்த்தை. அதுக்கு விலை போடும்போது லவுஞ்ச் வாசல்ல எழுதியிருக்கிற ரேட்டைப் போடாதீங்க. உள்ள போகலன்னா வெளிய என்ன செலவு பண்ணியிருப்பீங்களோ, ஒரு காபி, ஒரு பஃப்ஸ், அதுதான் அதோட மதிப்பு. இப்போ பல பேங்குகள் முந்தின காலாண்டுல இவ்வளவு செலவு பண்ணியிருந்தாத்தான் லவுஞ்ச்னு வேற மாத்திட்டாங்க.

இந்த மைல்ஸ் எங்கிருந்து வருதுன்னு யோசிச்சிருக்கீங்களா? பேங்க் அதை ஏர்லைன்கிட்ட காசு கொடுத்து வாங்குது. அது எவ்வளவு பெரிய வியாபாரம்னா, 2020 கொரோனா சமயத்துல அமெரிக்காவோட யுனைடெட் ஏர்லைன்ஸ் கோடிக்கணக்கான டாலர் கடன் வாங்கறதுக்கு அடமானமா வச்சதே அவங்க மைலேஜ்பிளஸ் திட்டத்தைத்தான். ஒரு மைலுக்கு என்ன மதிப்புன்னு முடிவு பண்றதும் அந்த ஏர்லைன்தான். இன்னைக்கு 6,000 மைல் கேட்கிற டிக்கெட்டுக்கு நாளைக்கு 9,000 கேட்டா, உங்க கையில பேச ஒண்ணும் கிடையாது.

அதுவும் போக, ஏர்லைனே இருக்கணுமே. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17-ஆம் தேதியோட பறக்கிறதை நிறுத்துச்சு. அவங்க பாயின்ட் திட்டம் தனிக் கம்பெனியா இருந்ததால பாயின்ட் தப்பிச்சது, ஆனா அதை வச்சு ஏறலாம்னு நினைச்ச விமானம் இல்ல. அப்புறம் விஸ்தாரா. அவங்க கார்டைப் பத்தி நம்ம வயசு ஆளுங்க எவ்வளவு பேசினோம்! 2024 நவம்பர் 12-ஆம் தேதி ஏர் இந்தியாவோட இணைஞ்சது. மைல்ஸை ஏர் இந்தியா திட்டத்துக்கு மாத்திக் கொடுத்தாங்க, ஆனா எந்தக் கணக்குப் போட்டு ஜனங்க அந்தக் கார்டை எடுத்தாங்களோ அந்தக் கணக்கு போயே போச்சு. அதனால மைல்ஸ் சேர்த்து வைக்கிறது எனக்குப் பிடிக்காது. சேர்ந்தா உடனே செலவழிச்சிடணும்.

தம்பிக்கு இதுல இன்னொரு சிக்கல். அவர் ஃப்ளைட் ஏறறது திடீர்னு. சில திட்டங்கள்ல மைல் விலையும் காசு விலையோட சேர்ந்தே ஏறும். சிலதுல மைல்ஸுக்குன்னு ஒதுக்குற சீட்டே கொஞ்சம்தான், கடைசி நேரத்துல கிடைக்கணும்னு கட்டாயம் இல்ல. அப்பாவை ஆஸ்பத்திரியில சேர்த்திருக்காங்கன்னு ராத்திரி பத்து மணிக்கு ஃபோன் வந்தா, கையில இருக்கிற 10,000 ரூபாய் செய்யற வேலையை மைல்ஸ் செய்யாது.

வாய்ஸ் நோட்டோட கடைசியில, போற போக்குல ஒண்ணு சொன்னார். "சில மாசம் மினிமம் ட்யூ மட்டும் கட்டிடுவேன் அண்ணா." நான் அந்த இடத்தை ரெண்டு தடவை கேட்டேன்.

தம்பி, 30,000 ரூபாயை ஒரு மாசம் தள்ளிப்போட்டா, மாசம் மூணரை சதவீத வட்டின்னு வச்சாலே 1,050. அந்த வட்டிக்கும் 18 சதவீதம் ஜி.எஸ்.டி., 189. மொத்தம் 1,239 ரூபாய். அதே 30,000-க்கு உங்களுக்குக் கிடைச்ச மைல்ஸ் 600, அதாவது 420 ரூபாய். பாக்கி இருக்கிற வரைக்கும் புதுசாத் தேய்க்கிறதுக்கும் வட்டியில்லா நாட்கள் கிடையாது, முதல் நாள்ல இருந்தே வட்டி ஓடும். அதனால உங்களுக்கு என் பதில்: எடுக்காதீங்க. இப்போ இருக்கிற கார்டு பாக்கியை முதல்ல அடைங்க. அப்புறம் மாசம் ஆயிரமோ ரெண்டாயிரமோ தனியா ஒரு அக்கவுன்ட்ல போடுங்க, ஊருக்குப் போற காசுன்னு.

யாருக்கு இந்தக் கார்டு சரி? மாசாமாசம் ஒரே ஏர்லைன்ல போறவங்க, ஆபீஸ் செலவை சொந்தக் கார்டுல தேய்ச்சுட்டுத் திருப்பி வாங்கறவங்க, பில்லை முழுசாக் கட்டறவங்க. அவங்களுக்கும் நான் சொல்றது, ஒரே ஏர்லைனோட கட்டிப்போடாம பல ஏர்லைனுக்கு மாத்திக்கக்கூடிய பாயின்ட் தர்ற கார்டு இருக்கான்னு பாருங்கன்னுதான்.

ஏற்கெனவே எடுத்துட்டவங்களுக்கு: கட்டணம் விழற மாசத்துக்கு முன்னாடி மாசம் பேங்குக்கு ஃபோன் போட்டு, "தள்ளுபடி பண்ணுவீங்களா, இல்லன்னா க்ளோஸ் பண்ணிடறேன்"னு கேளுங்க. பல நேரம் பாதியாவது குறையும். குறையலன்னா, இருக்கிற மைல்ஸை ஏர்லைன் கணக்குக்கு மாத்திட்டு க்ளோஸ் பண்ணச் சொல்லுங்க. பாக்கி எதுவும் இல்லன்னா 7 வேலை நாளுக்குள்ள மூடணும், தாமதமானா நாளைக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தரணும்னு ரிசர்வ் பேங்க் விதியே இருக்கு. என்னோட ஒரு கார்டுக்கும் அடுத்த மாசம் கட்டணம் விழுது, அதுக்கும் இதே ஃபோன்தான் போடப் போறேன். அவங்க என்ன சொன்னாங்கன்னு அடுத்த எபிசோட்ல சொல்றேன்.