அளவுக்கு மிஞ்சிய காவல்

(பங்காளர் ஐக்கியக் கூட்டத்தில் ஆஸ்பத்திரி சாப்ளின் ஆற்றிய உரை)



சென்ற மழைக்காலத்தில் நமது பெண்கள் வார்டில் 23 வயதான ஒரு மகள் சேர்க்கப்பட்டாள். முகத்திலும் கால்களிலும் வீக்கம். கன்னங்களில் சிவந்த படை. சிறுநீரில் ஏராளமாய்ப் புரதம். மருத்துவர்கள் அந்த நோயை லூபஸ் என்றார்கள். நோய்க்கிருமிகளை எதிர்க்க வேண்டிய உடலின் காவற்படையே அவளது சிறுநீரகங்களைத் தாக்கிக்கொண்டிருந்தது. மாலை ஜெபத்துக்கு நாங்கள் சென்றபோது அவள் கேட்டாள்: "ஐயா, என் உடம்பே என்னை அழிக்குதுன்னு டாக்டரம்மா சொல்றாங்க. நான் என்ன பாவம் செஞ்சேன்?" பக்கத்தில் நின்ற மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வீட்டில் இதைச் சாபம் என்றே பேசியிருந்தார்கள். அதனால் முன்பு கொடுத்த மாத்திரைகளையும் பாதியில் நிறுத்திவிட்டார்கள்.

இறையியல் கல்லூரியில் யோபுவின் புத்தகத்தை நாங்கள் ஆழமாகப் படித்தவர்கள்தான். ஆயினும் அன்று ஜெபிக்க முடிந்ததே தவிர, பதில் சொல்ல முடியவில்லை. மறுநாள் சிறுநீரகப் பிரிவு மருத்துவரிடம் போய்க் கேட்டோம். அவர் எங்களுக்குச் சுண்டெலிகளின் கதையைச் சொன்னார்.

நமது இரத்தத்தில் பி செல்கள் என்னும் அணுக்கள் உண்டு. கிருமிகளை எதிர்க்கும் ஆன்டிபாடிகளைத் தருபவை இவையே. எலும்பு மஜ்ஜையில் நாள்தோறும் புதியவை பிறக்கின்றன. அவற்றுள் சில, தவறுதலாக நம் உடலையே பகையாகப் பார்க்கும். இந்தச் செல்கள் உயிரோடிருக்க 'பாஃப்' என்ற ஒரு புரதம் தேவை. அது அளவாகவே சுரப்பதால், தன் உடலையே தாக்கும் செல்களில் பல பிழைக்காமல் மடிகின்றன. சிருஷ்டிகர் வைத்த ஒழுங்கு இது.

1999-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பணியாற்றிய ஃபேபியன் மக்கே என்ற பெண் விஞ்ஞானியும் அவருடைய உடன் உழைப்பாளர்களும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பாஃப் புரதத்தை உண்டாக்கும் மரபணு, எலிகளின் ஈரலில் மிதமிஞ்சி வேலை செய்யும்படி அவர்கள் செய்திருந்தார்கள். பி செல்கள் பெருகின. மடிய வேண்டியவையும் பிழைத்துக்கொண்டன. எலிகளின் சொந்த டி.என்.ஏ.வையே எதிர்க்கும் ஆன்டிபாடிகள் உண்டாயின. ஆன்டிபாடிகள் சிறுநீரகங்களில் போய்ப் படிந்தன. சிறுநீரில் புரதம் இறங்கியது. விஷமில்லை, தொற்றில்லை. நல்லதொரு மரபணு அளவுக்கு மிஞ்சி உழைத்தது, அவ்வளவுதான். வனாந்தரத்தில் மன்னாவும் தேவன் தந்த நல்ல ஆகாரமே. ஆனாலும் அளவை மீறி மறுநாளுக்கு மீத்துவைத்தபோது கெட்டுப்போயிற்று அல்லவா?

எலியில் கண்டது மனிதருக்கு அப்படியே பொருந்திவிடாது. லூபஸுக்குக் காரணங்கள் பல. ஆனால் லூபஸ் நோயாளிகள் பலருடைய இரத்தத்திலும் பாஃப் மிகுந்திருப்பதைப் பின்னர் கண்டார்கள். அதைக் கட்டுப்படுத்தும் பெலிமுமாப் என்ற மருந்துக்கு 2011-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 2020-இல் லூபஸ் சிறுநீரக நோய்க்கும் அனுமதித்தார்கள். 448 நோயாளிகளிடம் இரண்டு ஆண்டுகள் நடந்த ஆய்வில், வழக்கமான சிகிச்சையோடு இந்த மருந்தும் பெற்றவர்களில் 100-க்கு 43 பேருக்குச் சிறுநீரகம் நல்ல பலன் காட்டியது. மருந்து பெறாதவர்களில் 32 பேருக்கு. அற்புதம் என்று முரசு கொட்ட இயலாது. ஆனால் அந்தப் பதினொரு பேரும் யாரோ ஒரு தாயின் பிள்ளைகள்.

அன்று மாலை மீண்டும் வார்டுக்குப் போனோம். மாமியாரையும் உட்காரச் சொல்லி, எலிகளின் கதையை எளிதாய்ச் சொன்னோம். பிறவிக் குருடனைக் கண்ட சீஷர்களும் யார் செய்த பாவம் என்றுதான் கேட்டார்கள் என்றும், ஆண்டவர் அந்தக் கேள்வியையே தள்ளிவிட்டார் என்றும் சொன்னோம். அந்தத் தாயார் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "எலி என்னங்கய்யா பாவம் பண்ணிச்சு?" என்றார். "உங்கள் மருமகளும் அப்படியேதான் அம்மா" என்றோம். அந்த மகள் அழுதாள். வார்டுக்கு வந்தபின் அவள் அழுததை நாங்கள் பார்த்தது அதுவே முதல் தடவை.

பிரியமானவர்களே, அந்தப் புதிய மருந்தின் விலை நம் வார்டிலுள்ள ஏழைகளுக்கு எட்டாதது. ஆனால் எட்டக்கூடியவை உண்டு. காலத்தோடு செய்யும் ஒரு சிறுநீர்ப் பரிசோதனை, ஸ்டீராய்டு, ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரைகள், மாதந்தோறும் வந்துபோகப் பஸ் கட்டணம். உங்கள் காணிக்கைகள் இவற்றையே சுமக்கின்றன. மாத்திரையை நிறுத்தினால் சிறுநீரகமே போய்விடக்கூடும், பிறகு டயாலிசிஸ்தான்.

அந்த மகள் முற்றும் குணமாகவில்லை. இழந்த மாதங்களின் சேதம் இன்னும் இருக்கிறது. ஆனால் வீக்கம் வடிந்திருக்கிறது. மாதந்தோறும் தவறாமல் வருகிறாள். மாத்திரைச் சீட்டைப் பத்திரமாய் மடித்து எடுத்து வருகிறவர் அந்த மாமியாரே.

இவ்விருவருக்காகவும், வீட்டில் சாபம் என்று ஒதுக்கப்பட்டிருக்கும் மற்ற பிள்ளைகளுக்காகவும் உங்கள் குடும்ப ஜெபத்தில் நினைவுகூருங்கள். தேவன்தாமே உங்களையும் உங்கள் கைகளின் பிரயாசத்தையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.