இசைத்தட்டு சேகரிக்கும் ரசனை



பழைய இசைத்தட்டுகளைத் தேடித் திரட்டுவதை வெறும் பொழுதுபோக்கு என்று கருதுவோர் பலர் உண்டு. ஆயினும் ஒரு பாட்டைக் கேட்டு மகிழ்வதோடு நில்லாமல், அது எந்த ஆலையில் அச்சாகி, எத்தகைய உறையில் அடங்கி, எவர் வீட்டுக் கூடத்தில் ஒலித்துத் தன் கைக்கு வந்தது என்று ஆராயும் ரசிகனிடத்தில் அது ஒரு வித்தையாகவே பரிணமிக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

பெட்டாலிங் ஜெயாவில், ஆம்கார்ப் மாலில் வார இறுதியில் கூடும் பழம்பொருள் சந்தைக்குச் சென்றால், மான்செஸ்டர் நகரத்து ஃபேக்டரி ரெக்கார்ட்ஸ் போன்ற சிறு நிறுவனங்கள் 1980-களில் வெளியிட்ட ராக் இசைத்தட்டுகளைத் தேடும் ஆங்கில இசைப் பிரியர்களையும், நாய்ச் சின்னம் பொறித்த பழைய தமிழ் ரிக்கார்டுகளை நாடும் நம்மவரையும் காணலாம். இவ்விரு சாராரும் உறவற்றவர்கள் என்று எண்ண வேண்டா. அந்த நாய்ச் சின்னத்துக்குரிய, 1898-ல் லண்டனில் தோன்றிய கிராமபோன் கம்பெனியே, கல்கத்தாவை அடுத்த டம்டம் ஆலையில் நம் வித்துவான்களின் சங்கீதத்தையும் அச்சிட்டது. இங்கிலாந்தில் அரக்குத் தட்டுகளின் காலம் முடிந்துபோன பின்னரும், 1960-களில் பீட்டில்ஸ் குழுவினரின் பாடல்கள், நிமிஷத்துக்கு 78 முறை சுழலும் அரக்குத் தட்டுகளாக இந்தியாவில் வெளிவந்தன. மேனாட்டுச் சேகரிப்பாளர்கள் இன்று பெரும் விலை கொடுத்து அவற்றை வாங்குவது ஒரு வேடிக்கைதான்.

அந்தப் பத்தங்குல அரக்குத் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிஷத்துக்குச் சற்று மேல்தான் இடம். மேடையில் அரைமணி நேரம் ராகத்தை விஸ்தரிக்க வல்ல வித்துவான், அதன் சாயையை ஒரே வீச்சில் காட்டி, உடனே கிருதிக்குள் புகுந்து, ஊசி உள்வட்டத்தை அடையுமுன் முடித்தாக வேண்டிய அந்த நிர்ப்பந்தத்திலிருந்து பிறந்த செறிவு, நீண்ட கச்சேரிப் பதிவுகளிலும் எளிதில் கிட்டாதது. 1948-ல் எல்.பி. தட்டு வந்து, பக்கத்துக்கு இருபது நிமிஷத்துக்கும் மேல் இடங்கொடுத்த பிறகு, நம்மிடையே ஒரு விநோத வகை தோன்றிற்று: 'திருவிளையாடல்' போன்ற படங்களின் கதை வசனத் தட்டு. திருவிழாவிலும் கல்யாண வீட்டிலும் ஒலிபெருக்கியில் கேட்டுக் கேட்டே வசனம் மனப்பாடமானவர்கள் நம்மில் எத்தனை பேர்!

பின்னர் 1977-ல் '16 வயதினிலே' வந்தது. இந்நாட்டில் பிறந்து, நாட்டின் பெயரையே அடைமொழியாகத் தாங்கிய மலேசியா வாசுதேவனின் குரல் அப்படத்தினால் தமிழகமெங்கும் பரவிற்று. அடுத்த ஆண்டு, அண்டையிலுள்ள சிங்கப்பூரில் படமாக்கிய 'பிரியா'வுக்கு இளையராஜா ஸ்டீரியோ முறையில் பாடல்களைப் பதிவு செய்தார். கிள்ளான் பள்ளத்தாக்கில் தமிழ்ச் சேகரம் தொடங்குபவர் இவ்விரண்டையும் முதலில் தேடுவது நலம்.

பாதுகாக்கும் விஷயத்தில் நம் சீதோஷ்ணமே முதல் எதிரி. ஈரக்காற்றால் உறையில் பூஞ்சணம் பூக்கும். தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் வெப்பத்தில் வளையும். ஆகையால் நிமிர்த்தி நிறுத்துவதே முறை. அரக்குத் தட்டை ஸ்பிரிட் கொண்டு ஒருபோதும் துடைக்கலாகாது, அரக்கு கரைந்துவிடும். அதன் பள்ளம் எல்.பி.யினுடையதைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு அகலமாதலால், அதற்குரிய ஊசியும் வேறு.

உறையைப் பிரிக்காமலே கண்ணாடி அலமாரியில் பூட்டி, விலை ஏறக் காத்திருப்போரை நான் சேகரிப்பாளர் வரிசையில் சேர்ப்பதில்லை, அவர்கள் வியாபாரிகள். கீறல் விழுந்திருந்தாலும் வாரம் ஒருமுறை சுழல்கின்ற தட்டே என் கணக்கில் உயர்ந்தது.

பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ பழைய வீட்டைக் காலி செய்து தாமான்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் குடிபெயரும் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம்: தாத்தாவின் பெட்டியிலுள்ள கறுப்புத் தட்டுகளைப் பழைய சாமான்காரரிடம் எடைக்குப் போடுமுன், நடுவிலுள்ள லேபிளை ஒருமுறை படித்துப் பாருங்கள், படித்த பின்பும் வேண்டாமென்று தோன்றினால், போட்டுக் கேட்கக்கூடிய ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள்.