இரு பக்க வழக்கு

(வவுணதீவில் நடைபெற்ற மன்றக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



சர்வதேசச் சட்ட வழக்காடற் போட்டிக்கு மாணவர் எவ்வாறு ஆயத்தஞ் செய்கின்றனர் என்பது பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தீர்கள். படுவான்கரைக்கும் ஹேக் நகரத்து உலக நீதிமன்றத்துக்கும் என்ன தொடர்பு என்று சிலர் எண்ணக்கூடும். தொடர்பு உண்டு; அதனைச் சற்றுப் பின்னர் சொல்லுகின்றேன்.

இவ்வகைப் போட்டிகளுள் பெயர்பெற்றது ஜெசப் போட்டி. உலக நீதிமன்றத்தில் 1961 முதல் 1970 வரை நீதிபதியாயிருந்த பிலிப் ஜெசப் என்னும் அமெரிக்க அறிஞரின் பெயரால் வழங்குவது. 1960இல் ஹாவாட் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. ஆண்டுதோறும் இரண்டு கற்பனை நாடுகளுக்கிடையே ஒரு பிணக்கை எழுதி வெளியிடுவார்கள். ஒவ்வொரு குழுவும் இரு நாடுகளின் சார்பிலும் எழுத்துவாதம் தயாரிக்க வேண்டும். இன்று வழக்குத் தொடுத்த நாட்டின் சட்டத்தரணியாக நின்றவர், நாளை எதிர்நாட்டுக்காக அதே உறுதியோடு நிற்க வேண்டும். பக்கமொன்றுக்கு 45 நிமிடம். அதனை இருவர் பங்கிட்டுப் பேசுவர். பேசி முடிக்க விடுவார்களா? இரண்டாம் வாக்கியத்திலேயே நீதிபதி கேள்வி கேட்பார். மனப்பாடம் அங்கே உதவாது.

நீதிமன்றச் சட்டவிதியின் 38ஆம் உறுப்புரைதான் எங்கள் அரிச்சுவடி. நாடுகள் செய்த உடன்படிக்கை, சட்டமென ஏற்றுக் கைக்கொள்ளும் வழக்காறு, பொதுவான சட்டத் தத்துவங்கள் ஆகியவை முதலில். தீர்ப்புகளும் அறிஞர் நூல்களும் துணையாக மட்டுமே. கட்டுக்கட்டாக மேற்கோள் அடுக்குவோரை நான் அதிகம் மதிப்பதில்லை. ஒரு தீர்ப்பை முழுமையாகப் படித்தவனே கேள்விக்கு நின்று விடை கூறுவான்.

அவ்வாறு நாங்கள் படித்த தீர்ப்பொன்றைச் சொல்லுகின்றேன். டான்யூப் நதியில் அணைகள் கட்ட 1977இல் ஹங்கேரியும் செக்கோசிலோவாக்கியாவும் உடன்படிக்கை செய்தன. சுற்றாடல் கெடுமென்று சொல்லி 1989இல் ஹங்கேரி வேலையை நிறுத்தியது. 1992இல் மற்ற நாடு நதியைத் தன்பக்கம் திருப்பியது. அந்நாடு பிரிந்தபின் சுலோவாக்கியா வழக்கை நடத்தியது. 1997இல் வந்த தீர்ப்பு என்ன? இருவரும் பிழை செய்தனர், உடன்படிக்கை இன்னும் உயிரோடிருக்கின்றது, பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். ஹங்கேரிக்காக மட்டும் படித்தவன் பாதி வழக்கையே படித்தவன் ஆவான்.

அந்த நீதிமன்றத்தின் உபதலைவராக அப்போது வீற்றிருந்தவர் நம் நாட்டவரான சி. ஜி. வீரமந்திரி. அபிவிருத்தியும் இயற்கைப் பாதுகாப்பும் இணைந்தே செல்ல வேண்டுமென்று தனித் தீர்ப்புரை எழுதிய அவர், அதற்குச் சான்றாக இலங்கையின் பண்டைய குளங்களையும் நீர்ப்பாசன முறையையும் காட்டினார். நான் சொன்ன தொடர்பு இதுதான். குளத்து நீரின் அருமையை, உன்னிச்சைத் தண்ணீரில் வேளாண்மை செய்யும் வீட்டுப் பிள்ளைக்கு எவரும் புத்தகத்திலிருந்து சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஆங்கிலம் போதாதென்று நம்மூர் மாணவர் பின்னிற்கின்றனர். மிஷன் பாடசாலையில் படித்த எனக்கு ஆங்கிலம் எளிதில் வந்தது உண்மையே. ஆனால் போட்டியில் அது சிறுபகுதி. எதிராளியின் நியாயத்தை அவனே ஒப்புக்கொள்ளும்படி எடுத்துச் சொல்லுவதுதான் கடினம்.

இது மேனாட்டார் மட்டும் கண்ட வித்தையன்று. சிவஞான சித்தியாரில் அருணந்தி சிவாசாரியார் பரபக்கத்தை முன்வைத்துச் சுபக்கத்தைப் பின்வைத்தாரன்றோ? உலகாயதன் முதலாகப் பிறர் கொள்கைகளை எடுத்துக் கூறிய பின்னரே அவற்றை மறுத்தார். சிறுபோகத்தில் வாய்க்காலின் தலைப்பிலுள்ளவருக்கும் கடைசியிலுள்ளவருக்கும் பிணக்கு வரும்போது, வட்டவிதானையாரும் இருவர் வாயாலும் கேட்டறிந்துதானே நடக்கின்றார்?

இந்நாட்டில் ஒவ்வொரு சமூகமும் தன் வழக்கை மனப்பாடமாகச் சொல்லும். அயலவர் வழக்கை அவர் வாயாற் கேட்டவர் சிலரே. எங்கள் குழுவில் ஐவர். தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் மூவகையினரும் இருக்கின்றோம். கற்பனை நாடுகளின் பிணக்கைப் பேசத் தொடங்கி, இரவில் எங்கள் சொந்தப் பிணக்குகளில் வந்து நிற்போம். அங்கேயும் ஒருவர் பக்கத்தை மற்றவர் எடுத்துப் பேசவேண்டும் என்பதே எங்கள் விதி. சில இரவுகளில் அது நெஞ்சைச் சுடும். ஆயினும் விதியை நாங்கள் மாற்றவில்லை.

பெரியோர்களிடம் ஒரு வேண்டுகோள். வருகிற ஞாயிறு மாலை இதே மண்டபத்தில் இரண்டு பக்கத்தையும் தமிழிற் பேசிப் பார்க்க எண்ணியுள்ளேன். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இருவரும் வட்டவிதானையாரும் நீதிபதிகளாக அமர வேண்டும். கைதட்ட வேண்டாம், இடையில் மறித்துக் கேள்வி கேளுங்கள்.