ஏன் என்று கேட்போம்
(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



போதனா வைத்தியசாலைகளில் நடைபெறும் மகப்பேற்று ஆராய்ச்சி பற்றிப் பேசும்படி சங்கத்தினர் பணித்தார்கள். ஆராய்ச்சி என்றதும் ஆய்வுகூடமும் நுணுக்குக்காட்டியும் நினைவுக்கு வரலாம். மகப்பேற்று வைத்தியர்களான எங்களுக்கோ அது பிரசவ விடுதியிலேயே தொடங்குகிறது. 'இந்தத் தாய்க்கு ஏன் இப்படி நடந்தது?' என்று கேட்பதே அதன் முதற்படி.

எங்கள் பாட்டிமாரின் காலத்தை நினைத்துப் பாருங்கள். 1930களில் இலங்கையில் ஒரு இலட்சம் உயிர்ப் பிறப்புகளுக்கு 2,000க்கும் அதிகமான தாய்மார் இறந்தார்கள். ஐம்பது பிரசவத்துக்கு ஒரு தாய் என்ற கணக்கு. 2010களில் அது 40க்கும் கீழே வந்துவிட்டது. 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறை, வீடு தேடி வரும் மருத்துவமாது, இலவச வைத்தியசாலை, பெண்பிள்ளைகளின் படிப்பு ஆகிய எல்லாவற்றுக்கும் இதில் பங்குண்டு.

வெளியே அதிகம் தெரியாத இன்னொரு காரணமும் உண்டு. நம் நாட்டில் 1980கள் முதல் ஒரு தாய் இறந்தால் அதைக் கட்டாயம் அறிவிக்க வேண்டும். வைத்தியசாலையிலும் அவர் வாழ்ந்த பிரதேசத்திலும் விசாரணை நடக்கும். பின்னர் குடும்ப சுகாதாரப் பணியகமும் மகப்பேற்று நிபுணர்களும் அதைத் தேசிய மட்டத்தில் ஆராய்வார்கள். யாரையும் தண்டிப்பதற்காக அல்ல, அடுத்த தாயைக் காப்பாற்றுவதற்காக.

இத்தகைய விசாரணைகளில் நாங்கள் மூன்று தாமதங்களைத் தேடுகிறோம். வீட்டில் முடிவெடுக்கச் சுணங்கினார்களா? வழியில் நேரம் போனதா? வைத்தியசாலைக்கு வந்தபின் சிகிச்சை பிந்தியதா? பிரசவத்துக்குப் பின் குருதிப்பெருக்கு ஏற்பட்டால், நல்ல சுகதேகியான பெண்ணும் இரண்டு மணித்தியாலத்துக்குள் இறந்துபோகலாம். கலேவெலயிலிருந்து கண்டிக்கோ குருநாகலுக்கோ மாற்றப்படும் தாய்க்கு அந்த நேரத்தின் ஒவ்வொரு நிமிடமும் பெறுமதியானது.

பதில் கண்டுபிடிக்கப் பெருந்தொகைப் பணம் வேண்டும் என்பதில்லை. குருதிப்பெருக்கை நிறுத்தக் கர்ப்பப்பைக்குள் வைக்கும் பலூன் விலை கூடியது. டாக்கா மருத்துவக் கல்லூரி வைத்தியசாலையில் பணியாற்றிய பேராசிரியை சயேபா அக்தர், சாதாரண ஆணுறையை ரப்பர்க் குழாயில் கட்டி, உள்ளே வைத்து, சேலைன் நிரப்பிப் பார்த்தார். 2003இல் அவர் வெளியிட்ட ஆய்வில் 23 பெண்கள். அனைவருக்கும் 15 நிமிடத்துக்குள் குருதிப்பெருக்கு நின்றது. ஒரு பெண் வைத்தியர் தன் விடுதியில் கண்ட துயரத்துக்கு, கையில் கிடைத்த பொருளைக் கொண்டே தேடிய விடை அது.

சகோதரிகளே, உங்களையோ உங்கள் மகளையோ மருமகளையோ ஓர் ஆய்வில் சேரும்படி ஒருநாள் கேட்கக்கூடும். பயந்து ஒதுங்கவும் வேண்டாம், வாசிக்காமல் கையெழுத்திடவும் வேண்டாம். இது எதற்காக? எனக்கோ பிள்ளைக்கோ ஆபத்துண்டா? நெறிமுறைக் குழு அனுமதித்ததா? மறுத்தால் என் சிகிச்சை குறையுமா? இவற்றைக் கேளுங்கள். மறுப்பதால் சிகிச்சை குறையவே கூடாது. விளக்கத்தைத் தமிழில் தரும்படியும் கேளுங்கள். மொழி விளங்காததால் எம் பெண்கள் விடுபட்டால், அந்த ஆய்வின் முடிவில் அவர்களுடைய அனுபவம் இடம்பெறாது.

கர்ப்பகாலப் பதிவேட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். இரத்தம் போனாலும், கடுந்தலையிடியோடு பார்வை மங்கினாலும், பிள்ளையின் அசைவு குறைந்தாலும், கணவர் வரட்டும், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

தங்கைமாரே, வைத்தியராக மட்டுமல்ல, மருத்துவமாதாக, தாதியாக, ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளராகவும் நீங்கள் எங்களோடு சேரலாம். தாயின் மொழியிலேயே அவருடன் பேசி, அவர் சொல்வதைச் சரியாகக் குறித்துவைக்கும் ஒருவர் ஒவ்வொரு விடுதியிலும் வேண்டும். வகுப்பில் 'ஏன் டீச்சர்?' என்று கேட்கத் தயங்காத பிள்ளைகளே அதற்குத் தேவை.